ஓவன் முட்டையும் ஒரு வெள்ளிக்கிழமையும்

போன பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு, என்னோடு படிப்பிக்கும் இரண்டு டீச்சர்மாரை வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தேன். மாத்தளை டவுனிலிருந்து ரத்தோட்டைக்கு மேலே, எங்கள் தோட்டத்துக்கு.

வருவார்கள், அதில் சந்தேகமில்லை. சாப்பிடுவார்களா... அதில்தான்!

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு வரும் டவுன் ஆட்களை எனக்குத் தெரியும். "இப்பத்தான் சாப்பிட்டோம்" என்பார்கள். மூடி திறக்காத சோடாவை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து டீச்சரானவள் நான். என் வீட்டுச் சாப்பாட்டை அவர்கள் சாப்பிட்டே ஆக வேண்டும். சாக்குச் சொல்ல வழியே இருக்கக் கூடாது.

அதற்காகத்தான் ஃப்ரிட்டாட்டா. பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள் — ஓவனில் வேகும் தடித்த ஆம்லெட், அவ்வளவுதான். இறைச்சி என்றால் பரீனா டீச்சர் ஹலாலா என்று யோசிப்பார். முட்டையில் யார் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

எட்டு முட்டை, கொஞ்சம் பால், அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக்ஸ், பச்சை மிளகாய், மேலே சீஸ். கலக்கி ஊற்றி உள்ளே தள்ளினால் அரை மணி நேரம். புரட்டவும் வேண்டாம், காவல் நிற்கவும் வேண்டாம். வந்தவர்களோடு உட்கார்ந்து கதைக்கலாம்.

அம்மா நம்பவில்லை. "ஆளே நிக்காம வேகுற சாப்பாடா? வெந்துருச்சுன்னு யாரு சொல்றது, அந்தப் பொட்டியா?" வெளியே எடுத்ததும் ஓரத்தைக் கிள்ளி இரண்டு தரம் உப்புப் பார்த்தார்.

துண்டு போட்டுக் கொண்டுபோனேன். பரீனா டீச்சர் உடனே எடுத்து, "சூப்பர்!" என்றார். சாந்தி டீச்சரின் கை மடியிலேயே இருந்தது.

"எனக்கு வேணாங்க டீச்சர். இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

பார்த்தீர்களா? வந்துவிட்டது சாக்கு! பள்ளிக்கூடம் இல்லாத நாள் எப்படி வெள்ளிக்கிழமையாகும்? எனக்கு அது ஞாயிறுதான். எழுந்து போய்க் கலண்டரைப் பார்த்தேன்.

வெள்ளியேதான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ முருகா... நான் ரெண்டு தரம் தின்னுட்டேனே!"

"அவங்க பங்கையும் எனக்கே தாங்க," என்றார் பரீனா டீச்சர். "வெள்ளிக்கிழமை எங்களுக்கு விசேஷம்தானே!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் என் மனசு சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை உண்மைதான்... கொஞ்சம் வசதியான உண்மையோ? பால் விடாத ப்ளேன்டீயில்கூடப் பாதியை வைத்துவிட்டார் சாந்தி டீச்சர். வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டார் — தோலுரித்துச் சாப்பிடுவது!

புறப்படும்போது, "ரெண்டு துண்டு கட்டிக் குடுங்க, நாளைக்குச் சாப்பிடுறேன்," என்றார். கட்டிக் கொடுத்தேன். டவுன் வரைக்கும் ரோட்டோரத்தில் எத்தனை நாய்கள் என்று நினைத்துக்கொண்டே.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். ருசி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடுவுல லீக்ஸ் நறுக்கு நறுக்குன்னு கடிபடுது. வதக்கிட்டுல்ல போட்டிருக்கணும்? மகளும் அதையேதான் சொல்றா."

வதக்காமல் போட்டது எனக்கும் ஓவனுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். சாப்பிடாத வாய் அதைச் சொல்லவே முடியாது. ஒரு குறையைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை!

இப்போது என் சந்தேகமெல்லாம், மூன்று துண்டு சாப்பிட்டும் சூப்பர் என்ற பரீனா டீச்சர் மேல்தான்.