உப்பு போட்ட ஐஸ்

தொண்ணூறுகளின் கடைசியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து, இடது கை மார்போடு மடங்கிவிட்டது. விரல்கள் இறுகி, நகங்கள் உள்ளங்கையில் புதைந்து புண்ணாக்கின. ராயபுரத்தில் விசைப்படகு ஓட்டியவர். மறுபடி கடலுக்குப் போவது பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. கை விரிந்தால் புண் ஆறும், வலி குறையும். எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் ஓர் இளம்பெண். வலியைக் கடத்தும் நரம்பையே ஊசிமுனையால் உறைய வைக்கும் சிகிச்சை வெளிநாட்டில் இருக்கிறது என்றார். இங்கே ஐஸ்தான். நொறுக்கிய ஐஸை ஈரத்துணியில் சுற்றி முன்கையில் வைத்தால் நரம்பு மந்தமாகித் தசை தளரும். அந்தக் கொஞ்ச நேரத்தில் விரல்களைப் பிரித்து நீட்டிவிட வேண்டும்.

அண்ணி காசிமேட்டில் மீன் விற்றுவந்தார். ஐஸுக்கு எங்கும் போக வேண்டியதில்லை.

"மீனுக்குப் போடுறத எனக்குப் போடுற. கெட்டுப்போவாம இருப்பேன்," என்றார் அண்ணன். பேச்சு குழறியே வந்தது.

"நீ கெட்டுப்போயி ரொம்ப நாளாவுது. கைய ஆட்டாம கெட."

கை விரிந்தது. ஆனால் ஐஸை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே சுருங்கிக்கொண்டது. கூடை மீன் சாயங்காலம் வரை தாங்க வேண்டுமென்றால் ஐஸில் கல்லுப்பு தூவுவார்கள், குளிர் ஏறும். அண்ணி கைக்கும் அதையே செய்தார்.

அன்று விரல்கள் வெகுநேரம் விரிந்தே இருந்தன.

"எரியுதா?"

"ஒண்ணும் தெர்ல. ஜில்லுனுகூட இல்ல."

வலியெல்லாம் மூட்டுக்குள்தான். மேல்தோலில் உணர்ச்சி பாதி போயிருந்தது. அவர் சொன்னதை அண்ணி நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, தினமும் உப்பு போட்டார். தோல் மெழுகுபோல வெளுத்தது, கொப்புளம் வந்தது, பிறகு கறுத்தது.

மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் கைக்கட்டைப் பிரித்துப் பார்த்தார். "ஐஸ்ல வேற எதாவது கலந்தீங்களாம்மா?"

"உப்பு. உப்பு போட்டாத்தானேம்மா ஐஸ் நிக்கும்?"

உப்பு சேர்ந்த ஐஸ் தோலையே உறைய வைத்துவிடும் என்று அந்தப் பெண் விளக்கினார். "இத நான் முன்னாடியே சொல்லியிருக்கணும். மீன் விக்கிறவங்க இருக்குற இந்தப் பக்கத்துல கண்டிப்பா சொல்லியிருக்கணும்." புண் ஆறும்வரை ஐஸ் கூடாது, கையை இழுத்து நீட்டவும் கூடாது என்று அனுப்பினார்.

பஸ்ஸில் அண்ணி என்னிடம், "உப்புல மீனு தோலுக்கு இன்னா ஆவுதுன்னு எவன் பாத்துகினு இருந்தான்," என்றார்.

மழைக்காலம் முடியும்வரை புண் ஆறவில்லை. ஆறியபோது விரல்கள் மடங்கியபடியே நிலைத்துவிட்டன. ஐஸ் வைத்தும் அசையவில்லை. தசையே குறுகிவிட்டது, இனிக் குளிர் உதவாது என்றார் பிசியோதெரபிஸ்ட்.

மூடிய கைக்குள் வியர்வை தங்கி நாற்றம் எடுத்தது. அண்ணி தினமும் காலையில் ஈர்க்குச்சியில் துணி சுற்றி விரலிடுக்கில் நுழைத்துத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு படுத்திருப்பார்.