பாலைவனத்துக்குக் கற்பூரம்

மொரோக்கோப் பாலைவனத்தில் கூடாரமடிக்கப் போகிறோம்! அங்கே விறகு எரிக்கக் கூடாதாம். கற்பூரம் இருக்கிறதே என்று துள்ளிக் குதித்து, எங்கள் கோலியர்ஸ் வுட் வீட்டுத் தோட்டத்திலேயே ஒத்திகை வைத்தேன்.

"உதிலை தேத்தண்ணி கொதிக்குமே?" என்றாள் மனைவி.

"ஓம், பாருமன்!"

தட்டு நிறையக் கொட்டிப் பற்றவைத்தேன். குப்பென்று எழுந்த தீ மரவேலியைப் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடமாக நான் சிடுமூஞ்சி என்று சொல்லிவந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிதான் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்து அணைத்தாள். திட்டப்போகிறாள் என்று தலைகுனிந்து நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தாள். தன் சின்னக் காஸ் அடுப்பை எடுத்துவந்து, "இதைக் கொண்டுபோங்கள்," என்று பற்றவைத்துக் காட்டினாள்.

கற்பூர வாசத்தில், மனைவி பழக்கதோஷமாக அந்த அடுப்புச் சுடரில் கைகளைக் காட்டிக் கண்ணில் ஒற்றினாள். பக்கத்து வீட்டுக்காரியும் அப்படியே ஒற்றினாள்!

வேலியில் கரிந்து விழுந்த பலகையை மாற்றப் போனேன், வேண்டாமென்றாள். அந்த இடைவெளியால்தான் இன்றும் எங்கள் வீட்டுத் தேநீர் அவளுக்குப் போகிறது.