கை படாத முடி

ராஜராஜேஸ்வரியின் தலைமுடியைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் பேட்டையில் கிடையாது. பால்காரர் சொல்லியிருக்கிறார், நாங்குநேரி பஸ்ஸின் கண்டக்டர் சொல்லியிருக்கிறார். அலுவலகத்தில் பக்கத்து மேஜை கணேஷ்ராம் வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். "என்ன மேடம், இன்னைக்குக் காத்து ரொம்பவோ?" என்பார். காற்று ரொம்பத்தான். ஆனி பிறந்துவிட்டால் மேற்கே மலையில் சாரல் விழும். இங்கே மழை வராது, அந்த ஈரக்காற்று மட்டும் வந்து சேரும். காலையில் எண்ணெய் தடவி, படியச் சீவி, இறுக்கிப் பின்னிக்கொண்டுதான் ராஜராஜேஸ்வரி கிளம்புவாள். ஜங்ஷன் தாண்டுவதற்குள் நெற்றியோரத்தில் நாலைந்து முடி எழும்பும். அலுவலகத்துக்காக நாங்குநேரியில் இறங்கும்போது பின்னலைத் தவிர மற்றதெல்லாம் எழுந்து நிற்கும்.

ஐம்பது தாண்டிய பொம்பளைக்கு முடி எப்படி நின்றால் ஊருக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லைதான். ஆனால் சனங்களுக்கும் எதையாவது கேட்டாக வேண்டுமே. வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று அவளிடம் கேட்க முடியாது, கல்யாணமே ஆகவில்லை. பிள்ளை என்ன படிக்கிறான் என்று கேட்க முடியாது. அம்மா பிரம்மநாயகி இருந்தவரை, "அம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்றாவது கேட்டார்கள். அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு கேட்பதற்கு முடி ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

அம்மா இருந்தபோதும் அதே முடிதான், அதே காற்றுதான். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் போதும், மகளைப் பிடித்து முக்காலியில் உட்கார்த்தி, உச்சியில் எண்ணெயை வைத்து, சூடு பறக்கத் தேய்ப்பாள் பிரம்மநாயகி. வெந்நீரும் சீயக்காயும் போட்டு அலசி, ஈரமுடியைத் துண்டால் சுளீர் சுளீரென்று அடித்து உலர்த்துவாள். அப்படி அடிக்காவிட்டால் தலையில் நீர் கோத்துக்கொள்ளும் என்பது அந்த வீட்டுச் சட்டம். "உங்க அத்தைக்காரி முடி அப்படியே வந்து வாய்ச்சிருக்கு பாரு, அடங்குதா" என்று திட்டிக்கொண்டேதான் பின்னிவிடுவாள். ராஜராஜேஸ்வரி நாற்பத்தெட்டு வயதுவரை அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போன பிறகு அவள் தலையை யாரும் தொடவில்லை. தலையை என்ன, கையைக்கூட யாரும் தொடவில்லை. சென்னையில் இருக்கும் தம்பி திருஞானசம்பந்தம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போனில் பேசுவான். கண்டக்டர் சில்லறையை விரல் படாமல் உள்ளங்கையில் போடுவார். அலுவலகத்தில் ஃபைல் மேஜைக்கு மேஜை போகும், அவ்வளவுதான். ஒரு மனுஷிக்கு இது பசி மாதிரி ஒரு சங்கதி என்பது அவளுக்கே ரொம்ப நாள் தெரியாது. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் காரணமில்லாமல் எரிச்சல் வரும். அவளே சீயக்காயைக் குழைத்து, அவளே தேய்த்து, அம்மா மாதிரியே துண்டால் அடித்து உலர்த்திவிட்டு பஸ் ஏறுவாள்.

ஜனாபாவின் அழகு நிலையத்துக்கு அவள் போனது ஒரு போட்டோவால். கணேஷ்ராமின் மகள் கல்யாணத்தில் அலுவலகமே சேர்ந்து மணமேடையில் நின்று எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பின்வரிசையில் நின்ற பெரிய அதிகாரியின் முகத்தில் பாதியை ராஜராஜேஸ்வரியின் முடி மறைத்திருந்தது. யாரும் ஒன்றும் எழுதவில்லை. ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை மட்டும் போட்டிருந்தார்கள். அவளுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் கடையின் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஜனாபா முப்பத்தைந்து வயதுக்காரி. வீட்டின் முன்னறையில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, தலை அலச ஒரு தொட்டி, இவ்வளவுதான் கடை. வந்தவளை உட்கார வைத்து முடியை இரண்டு விரலில் எடுத்து நுனிவரை உருவிப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணியிலக்கா குளிக்கிய?"

"போர் தண்ணிதான். மேல தொட்டியில ஏத்தி வச்சிருக்கோம்." வீட்டில் ஒருத்திதான். ஆனாலும் 'வச்சிருக்கோம்' என்றுதான் வாயில் வந்தது.

"ஆத்துத் தண்ணி குழாய்ல வருதுல்லா?"

"அது குடிக்கதுக்கும் சோறு பொங்கதுக்கும். அதைப் போய் யாராவது தலைக்கு ஊத்துவாவளா?"

"வேற என்ன போடுதிய?"

"வெள்ளிக்கிழமை சீயக்காய். மத்த நாள்ல சோப்பு. துண்டால நல்லா அடிச்சுக் காய வச்சிருவேன். காஞ்சதும் சிக்கெடுத்துச் சீவிருவேன்."

"தினமும் தலைக்குச் சோப்பு, அதுக்கு மேல அடி வேற" என்றாள் ஜனாபா. "அல்லாவே, இந்த முடி என்னக்கா தப்பு செஞ்சுது?"

பிறகு தொட்டியில் தலையைச் சாய்த்து வைத்து, வாளியில் பிடித்து வைத்திருந்த ஆற்றுத் தண்ணீரைக் கோரிக் கோரி ஊற்றியபடி விளக்கமும் சொன்னாள். "முடி மேல ஒரு தோல் உண்டுக்கா. கூரையில ஓலை வேய்ஞ்ச மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு கெடக்கும். போர் தண்ணி உப்பும் சோப்பும் சேர்ந்து அதுல பிசுக்கா ஒட்டிக்கிடும், எண்ணெய்ப் பசை இருக்க இடம் தெரியாம போயிரும். வெந்நி வேற ஊத்துனா இன்னும் வறண்டுரும். துண்டால அடிச்சா ஓலையெல்லாம் பேந்து நிக்கும். வறண்ட முடி தாகத்துல கெடக்குல்லா, சாரக்காத்து வந்ததும் அதுல இருக்க ஈரத்தைக் குடிச்சு ஊதிரும். சுருட்டை முடிக்கு இது சாஸ்தி. அதான் சிலும்பிக்கிட்டு நிக்கி."

ராஜராஜேஸ்வரிக்கு ஓலையும் காதில் விழவில்லை, உப்பும் விழவில்லை. ஜனாபாவின் பத்து விரலும் அவள் தலையில் இருந்தன. பிடரியில் தொடங்கி, காதுக்குப் பின்னால் வந்து, உச்சிக்கு ஏறி, மறுபடி பிடரிக்கு இறங்கின. எத்தனையோ காலம் பூட்டிக் கிடந்த ஒன்று அவளுக்குள் திறந்துகொண்டது. கண் நிறைந்து காதோரம் வழிந்தது.

"ஷாம்பு கண்ணுல பட்டுட்டாக்கா?"

"ஆமா" என்றாள்.

கிளம்பும்போது ஜனாபா ஒன்றுவிடாமல் சொல்லி அனுப்பினாள். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டாம், வாரம் இரண்டு தரம் போதும். சோப்பை விட்டுவிட்டு மெது ஷாம்பு போட வேண்டும், பின்னால் கண்டிஷனர், கடைசி அலசல் ஆற்றுத் தண்ணீரில். குளிப்பதற்கு முந்தி கொஞ்சம் தேங்காய் எண்ணெய். துண்டு வேண்டாம், பழைய வேட்டித் துணியால் பைய ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தில் அகலப்பல் சீப்பு, காய்ந்த பிறகு சீப்பே ஆகாது. "முக்கியமா ஒண்ணு. சுத்தமா காயுத வரைக்கும் கையே படக் கூடாது. காஞ்ச பெறவும் தொட்டுத் தொட்டுப் பாக்கக் கூடாது. கை படப் படத்தான் சிலும்பும்."

சொன்னபடியே செய்தாள். அடுத்த ஞாயிறு கண்ணாடி முன்னால் நின்றபோது முடி வளைவு வளைவாக அடங்கிக் கிடந்தது. யாரோ ஒரு அழகான பொம்பளை எதிரில் நிற்கிறாள். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் மனசு திக்கென்றது. முடி சரியாகிவிட்டால் ஜனாபாவிடம் எதற்குப் போவது? வாசல்வரை வந்தாள், திரும்பினாள், டிவியைப் போட்டாள், அணைத்தாள். தெருவில் பிள்ளைகள் சத்தம் கேட்டது. வீட்டுக்குள் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு குளியலறைக்குப் போனாள். போர் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, சோப்பை அரக்கித் தேய்த்து, துண்டால் கை வலிக்கும் வரை அடித்தாள். காய்ந்ததும் நெருக்குப்பல் சீப்பால் வறட்டு வறட்டென்று இழுத்தாள். கண்ணாடியில் பழைய ராஜராஜேஸ்வரி வந்து நின்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெருவையும் அவள் எப்படி நடந்தாள் என்கிறீர்கள், கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தாள்.

"இப்படி ஆயிட்டேக்கா" என்று பதறினாள் ஜனாபா. மறுபடி தொட்டி, மறுபடி தண்ணீர், மறுபடி பத்து விரல். அதற்கடுத்த ஞாயிறும் அதே கதைதான். இப்படியே ஆனி முடிந்து ஆடியும் பாதி போனது. களவாணித்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் களவாடியது வேறு யாருக்கும் குறைகிற பொருளில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்புதான் தப்பு.

ஏனென்றால் ஜனாபாவுக்குக் குறைந்துகொண்டிருந்தது. ஷாம்புவை மாற்றினாள், கற்றாழை வைத்துப் பார்த்தாள், வெந்தயம் அரைத்துப் பார்த்தாள். ராஜராஜேஸ்வரி பரட்டைத் தலையோடு வருவதைத் தெருவே பார்த்தது. அப்படி ஒரு ஞாயிறு உள்ளே நுழைந்தவளை ஜனாபா நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை.

"பாளையங்கோட்டையில நல்ல தோல் டாக்டர் இருக்காவ. அங்க போய்க் காட்டுங்கக்கா" என்றாள். "எனக்கு உங்க தலையில கை வைக்கவே பயமா இருக்கு. வேற யாருக்கு முடி வெட்டுனாலும் இப்பம் ரெண்டு தடவ யோசிக்கேன். எனக்குத் தொழில் தெரியலன்னு பேசுதாவ. அது நெசந்தானோன்னு எனக்கே தோணுது."

ராஜராஜேஸ்வரிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம்தான். என்னவென்று சொல்வது? தலையைத் தொட ஆளில்லாமல் முடியைக் கெடுத்துக்கொண்டு வந்தேன் என்று ஒரு மனுஷி எப்படிச் சொல்லுவாள்? வீட்டுக்கு வந்து சோப்பையும் துண்டையும் பரணில் போட்டாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து எடுத்தாள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வந்தபோது குடிக்கப் பிடிப்பதற்கு முன்னால் தலைக்கு ஒரு குடம் பிடித்தாள். தலையணைக்கு வழுவழுப்பான உறை போட்டாள். விரல் ஒன்றுகூடப் படவில்லை. இருப்பதிலேயே லேசான வேலை அதுதான், அதற்குத்தான் அவளுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருந்ததே.

ஆவணி வந்தது. ஜங்ஷன் தாண்டியது, நாங்குநேரியும் வந்தது, ஒரு முடிகூட எழும்பவில்லை. "மேடம், பத்து வயசு கொறஞ்சு போச்சு" என்றார் கணேஷ்ராம். தலையாட்டிவிட்டு ஃபைலைப் பிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடன்பட்ட மாதிரி ஜனாபாவின் கடைக்குப் போனாள். திரையை விலக்கியதும் ஜனாபா கத்தரிக்கோலை வைத்துவிட்டு வந்து அவளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தொடவில்லை. புருவம் திருத்த உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "பாத்தியா, நான் சொன்ன வைத்தியந்தான்" என்றாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. அந்தப் பெண் காசு கொடுத்துவிட்டுப் போனதும் திரும்பினாள். "இனி நீங்க என்கிட்ட வரவே வேண்டாம்க்கா. இதே மாதிரி கை படாம வச்சுக்கிடுங்க, போதும்."

ராஜராஜேஸ்வரி சரி என்றாள். வாசலுக்குப் போய் ஒரு காலில் செருப்பைப் போட்டாள். அடுத்த கால் நகரவில்லை. செருப்பை உதறிவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா?"

"உனக்குத் தொழில் நல்லாத் தெரியும். நாந்தான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் சோப்புப் போட்டு, துண்டால அடிச்சுக் கெடுத்துக்கிட்டு வந்தேன்." கண்ணாடியைப் பார்க்காமல் மடியைப் பார்த்துச் சொன்னாள். "அம்மை போனதுக்கப்புறம் என் தலையில ஒருத்தரும் கை வைக்கல."

ஜனாபா வாசல் திரையை இழுத்து மூடினாள். கோபம் வந்ததா, அழுகை வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. நாற்காலிக்குப் பின்னால் வந்தாள். கையைத் தூக்கியவள் அந்த அடங்கிய முடியைப் பார்த்துத் தயங்கினாள்.

"காஞ்ச முடிக்கா. இப்பம் தொட்டா சிலும்பிரும்."

"சிலும்புனா சிலும்பட்டும்ளா."

திங்கட்கிழமை காலை நாங்குநேரியில் இறங்கும்போது ராஜராஜேஸ்வரியின் முடி பழையபடி நாலு பக்கமும் எழுந்து நின்றது. கணேஷ்ராம் நிமிர்ந்து பார்த்து வருத்தப்பட்டார். "என்ன மேடம், அவ்வளவு அழகா இருந்துச்சு. காத்து கலைச்சிட்டாக்கும்?"

"காத்து இல்ல" என்றாள். "ஒரு ஆளு கலைச்சுவிட்டா."