நின்றபடி ஒரு மீட்டிங்

போன சனிக்கிழமை காலை எங்கள் ஆபீஸில் ஒரு பெண் "முடியலை சார்" என்றாள். அவ்வளவுதான். அறையில் இருந்த அத்தனை பேருக்கும் திடீரென்று ஏசியின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

முடியவில்லை என்று சொல்வது அவ்வளவு பெரிய விஷயமா? எங்கள் ஆபீஸில்... ஆமாம்!

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் நான் வேலை பார்ப்பது வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக: துறைமுகத்திலிருந்து டிரெய்லர் லாரிகளில் வரும் இரும்புப் பெட்டிகளை இறக்கி, அடுக்கி, அனுப்பிவைக்கிற இடம். எந்த வண்டி எந்த இடத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டில் இருப்பவர்கள் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். இனி அதை கம்ப்யூட்டரே சொல்லட்டும் என்று முடிவானது. அந்த சாஃப்ட்வேரை எழுத எங்கள் மாடியிலேயே ஒரு சின்ன டீம். அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். கஸ்டம்ஸ் பேப்பர் விவகாரமெல்லாம் எனக்குத்தான் தெரியுமாம்.

பெங்களூரிலிருந்து ஒரு டிரெய்னர் வந்தார். 'அஜைல்' என்று ஒரு வேலைமுறையைச் சொன்னார். வருஷக்கணக்கில் மொத்தமாகச் செய்து வைத்துக்கொண்டு, கடைசி நாளில் திறந்து பார்த்து அலறாதீர்கள். கொஞ்சம் செய்யுங்கள், பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுங்கள், திருத்துங்கள், அப்புறம் அடுத்தது. தினமும் காலையில் எல்லோரும் நின்றபடியே ஒரு குட்டி மீட்டிங் போடுங்கள். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எது தடுக்கிறது — இதை மட்டும் சொன்னால் போதும். உட்கார்ந்தால் பேச்சு வளருமாம்.

நல்ல யோசனைதானே? எனக்குப் பிடித்திருந்தது. சுவரில் மூன்று கட்டம் போட்டு — செய்யணும், செய்கிறோம், முடிந்தது — கலர் கலராகக் காகிதம் ஒட்டினோம்.

கேட் இன்சார்ஜ் தாஸ் அண்ணனுக்குத்தான் பிடிக்கவில்லை. ராயபுரத்துக்காரர். சாஃப்ட்வேரைப் பயன்படுத்தப் போகிறவர் என்பதால் அவரும் மீட்டிங்குக்கு வர வேண்டும். முதல் நாளே என் காதில் கிசுகிசுத்தார்.

"இன்னா மேடம் இது, லேட்டா வந்த பசங்கள மாரி நிக்க வெச்சிகீறாங்க? உக்கார வெச்சி திட்டுனா ஆவாதா?"

சிரித்தேன். ஆனால் நடந்தது அதுதான். எங்கள் ஜி.எம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் 'தடை' என்று யாராவது சொன்னால் அவர் காதில் 'தப்பு' என்றுதான் விழும். ஒரு நாள் ஒரு பையன், சர்வர் ஸ்லோவாக இருக்கிறது என்றான். ஏன், எப்போதிலிருந்து, யார் பொறுப்பு, முன்னாலேயே ஏன் சொல்லவில்லை... அன்றைய மீட்டிங் முழுக்க அந்தப் பையன்தான்.

மறுநாளிலிருந்து எல்லோர் வாயிலும் ஒரே வசனம். "எவ்ரிதிங் ஆன் டிராக், சார்!" காகிதங்களெல்லாம் 'முடிந்தது' கட்டத்துக்கு ஓடின. எங்கள் டிரெய்லர்கள்கூட அந்த வேகத்தில் போனதில்லை.

திங்கட்கிழமை இரண்டு கேட்டிலும் தொடங்குகிறோம் என்று ஜி.எம். மும்பை ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் தேவிகா. டீமிலேயே முக்கியமான புரோகிராமர். வியாசர்பாடிப் பெண். ஆபீஸில் இங்கிலீஷைத் தவிர வாயைத் திறக்க மாட்டாள். பஸ் ஏறிவிட்டால் நம்ம ஊர்ப் பேச்சுதான்.

"அக்கா... ரெண்டு கேட்டுலயும் ஒரே நேரத்துல வண்டி வந்தா, நம்ம சாஃப்ட்வேரு சில வாட்டி ரெண்டுத்துக்கும் ஒரே எடத்த குடுக்குதுக்கா."

யார்டில் பெட்டியைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டியை நான் தினமும் பார்க்கிறேன். அது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, அதே இடம் என்று இன்னொரு டிரெய்லர் உள்ளே நுழைந்தால்?

"காலையில மீட்டிங்ல சொல்லலையா?"

"காலைல சந்தேகமா இருந்துச்சி. மத்தியானந்தான் கன்ஃபார்ம் ஆச்சி. சந்தேகம்னு சொன்னா அவரு இன்னா பண்ணுவாருன்னு தெரியாதா உங்களுக்கு?"

"நாளைக்கு அவர் மூட் பார்த்துச் சொல்லேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

தேவிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவரு மூடு நல்லா இருந்தா பெட்டி மேல வுழாதாக்கா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. எல்லோரும் நின்றோம். வரிசையாக ஆன் டிராக், ஆன் டிராக். தேவிகாவின் முறை. "சார், எஸ்டர்டே ஐ..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். பிறகுதான் அந்த வார்த்தை.

"முடியலை சார்."

"வாட் டு யூ மீன்?"

விளக்கினாள். தமிழில்தான். "திங்கக்கெழம ரெண்டு கேட்டுலயும் ஆரம்பிச்சா யாரனா செத்துப்பூடுவாங்க சார். அத என்னால ஆன் டிராக்குன்னு சொல்ல முடியாது."

"நேத்து அந்தப் பேப்பர் 'முடிந்தது'ல இருந்ததே?"

"இருந்துச்சி சார். பயந்துகினு ஒட்டுனேன்."

தாஸ் அண்ணன் முகம் மாறிவிட்டது. "சார், அங்க நிக்கிறதெல்லாம் என் ஆளுங்க சார்" என்றார்.

அப்போது அந்த சர்வர் பையன் மெதுவாக, "என்னோடதும் பாதிதான் சார் ஆயிருக்கு" என்றான். இன்னொரு பெண், "எனக்கும் டெஸ்டிங் பாக்கி சார்." ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் காகிதத்தை உரித்து, பழைய கட்டத்திலேயே திரும்ப ஒட்டினார்கள். ஒரே நிமிஷத்தில் சுவர் வேறு சுவராகிவிட்டது.

"இவ்வளவு நாளா ஏம்ப்பா ஒருத்தர்கூடச் சொல்லலை?" என்று கேட்டார் ஜி.எம். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புரிந்திருக்க வேண்டும்... தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு, திட்டாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி. திங்கட்கிழமை எது முடியும்?"

"ஒரு கேட் மட்டும்னா முடியும் சார்" என்றாள் தேவிகா. "யார்டை ரெண்டா பிரிச்சிக்கலாம். வடக்குப் பக்கம் கம்ப்யூட்டர். தெற்குப் பக்கம் பழையபடி கைச்சீட்டு."

"நடுவுல கோடு போட்டுக் குடுங்க. அந்தாண்ட வண்டி போவாம நான் பாத்துக்குறேன்" என்றார் தாஸ் அண்ணன்.

அடுத்து நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஜி.எம். தன் கேபினுக்குப் போகவில்லை. எங்கள் எதிரிலேயே மும்பைக்கு போன் போட்டார்.

"சார்... எவ்ரிதிங் இஸ்..."

பழக்க தோஷம்! நிறுத்தினார்.

"நாட் ரெடி, சார். ஒன்லி ஹாஃப்."

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஜி.எம்.மின் காது சிவந்தது தெரிந்தது. போனை வைத்துவிட்டு, "பாதியைத் தொடங்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை முதல் டிரெய்லர் வந்தது. கம்ப்யூட்டர் அச்சடித்த சீட்டு வந்தது. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாபா, எறும்பு ஊர்ற மாரி எழுத்து கீது? வெயில்ல ஒண்ணும் தெர்லியே!" ஏசி அறையில் எல்லோருக்கும் நன்றாகத்தான் தெரிந்தது! தேவிகா கேட்டுக்கே இறங்கிப் போனாள். மத்தியானத்துக்குள் எழுத்து பெரிதாகிவிட்டது. கோடு தாண்டி ஒரு வண்டியும் போகவில்லை. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. இரண்டாவது கேட் இன்னும் கம்ப்யூட்டருக்கு மாறவில்லை. அதன் காகிதம் 'செய்கிறோம்' கட்டத்தில் இருக்கிறது — நிஜமாகவே.

இப்போதெல்லாம் எந்த ஆபீஸுக்குப் போனாலும் சுவரெல்லாம் கலர் காகிதம். நல்லதுதான். இந்த அஜைல் முறை பலன் தரும், கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் காகிதம் கடையில் கிடைக்கும், டிரெய்னர் பெங்களூரில் கிடைப்பார். 'முடியலை' என்று ஒருத்தி சொன்னதும் 'ஏன்' என்று பாயாமல் 'எது முடியும்' என்று கேட்கிற மனசு? எங்கள் ஜி.எம்.முக்கு அது வர இத்தனை நாளாயிற்று. வந்துவிட்டது, அதுவே பெரிசு.

கெட்ட செய்தி காலையிலேயே வந்துவிட்டால் அது வேலை... தாமதமாக வந்தால், விபத்து!