முக்காலியின் மேல் ஒரு டிஷ்யூ பொட்டலம்

போன வாரம் பொங்கோலில், என் மச்சான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கேரம் பலகைக்கு எதிரே இருந்த முக்காலியில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் உணவங்காடி மேசையில் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது பத்திரப்பதிவுக்குச் சமம். எவரும் உட்கார மாட்டார்கள். அந்த வழக்கத்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்தியவர், எனக்குத் தெரிந்து மச்சான் ஒருவர்தான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். சில வருடங்களுக்கு முன் இருவரும் பிடோக்கில் அடுத்தடுத்த புளோக்குகளில் இருந்தோம். அப்போது என் வேலை போனதும் நான் திரைச்சீலையைக்கூட விலக்காமல் படுத்துவிட்டேன். மாத்திரை எழுதிய மருத்துவர், பிடித்த விளையாட்டு ஏதாவது ஆடுங்கள், அதுவும் சிகிச்சைதான் என்றார். படித்தவன் அல்லவா? விளையாட்டும் மனநலமும் குறித்த புத்தகங்களை வாங்கிப் படுத்தபடியே படித்தேன். மச்சான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. மாலையானால் என் புளோக்கின் கீழே, கேரம் பலகைக்கு எதிரே முக்காலியில் பொட்டலத்தை வைத்துவிட்டு ஃபோன் செய்வார்: "மாப்ள, உங்க இடத்தப் பிடிச்சு வச்சிருக்கேன். காலியாவே கிடந்தா பாக்கிறவன் என்னையத்தான் திட்டுவான்." பொது இடத்தை வீணடிக்கிறோமே என்ற கூச்சம்தான் என்னை லிஃப்டுக்குள் தள்ளியது.

இறங்கியவன் சும்மா இருந்தேனா? அலுவலகத்தில் கிடைக்காத பதவி உயர்வைக் கேரத்தில் பிடிக்கப் பார்த்தேன். தேக்கா கடைத்தெருவில் விலையுயர்ந்த ஸ்டிரைக்கர், யூடியூபில் பயிற்சி, சான்றிதழ் தரும் வகுப்பு உண்டா என்ற விசாரணை வேறு. ஒரு மாலை மோசமாகத் தோற்றதும் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன். மச்சான் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "டாக்டர் மருந்து குடுத்தா பாட்டிலோடயா போட்டி போடுவீங்க? வந்து தோத்துட்டுப் போங்க லா." தோற்கப் போனேன். தோற்றுக்கொண்டே இருந்ததில், ஒருநாள் நான் சிரிப்பது என் காதிலேயே விழுந்தது.

தன் மனைவி இறந்த பிறகு மச்சான் மகனோடு பொங்கோலுக்குப் போனார். இப்போது திரைச்சீலையை விலக்காதவர் அவர். விடுவதாயில்லை என்று, கேரம் பலகையை ரயிலில் சுமந்துகொண்டு மாலைதோறும் வந்தேன். அவரோ ஃபோனிலேயே தலைவலி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். போன வாரம் முக்காலியில் பொட்டலத்தை வைத்துவிட்டு, ஃபோனில் அவருடைய பழைய வசனத்தையே திருப்பிச் சொன்னேன். ஒரு சீனப் பெரியவர் முக்காலியையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றும் சொன்னேன். அது உண்மை.

"விட்டுறாதீங்க மாப்ள," என்றார் மச்சான். "சட்டையப் போட்டுட்டு வர்றேன்."

பொத்தான்கள் இடம் மாறிய சட்டையோடு வந்தார். பொட்டலத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ஆட்டம் நான் தோற்றேன். அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். அதற்கெல்லாம் அவசியமே ஏற்படவில்லை.