ஓராள் அளவுக்கு இறால்

எனக்கு ஒரேயொரு கறி சமைக்கத் தெரியும். அதை முப்பது வருடங்களுக்கு மேலாக என் மனைவியிடம் மறைத்து வைத்திருந்தேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் கணிதம் படிப்பித்தவன். நாற்பதை நெருங்கும் வயதில், இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குடியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, சீஷெல்ஸ் தீவில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியராகப் போனேன். ஆறு வருடங்கள் அங்கே இருந்தேன். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தவன் மனைவியின் வீட்டில்தான் வாழ்வான். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு உட்காரக் கதிரை உண்டு, மீனின் நடுத்துண்டு உண்டு. குசினிக்குள், அடுப்புப் பக்கம், வேலை கிடையாது. தாகம் எடுத்தால் குசினி வாசலில் நின்று ஒருதரம் செருமினால் போதும், தண்ணீர் வந்துவிடும். அப்படி இருந்தவன் தீவில் போய் இறங்கியபோது முட்டை அவிக்கவும் தெரியாமல் இறங்கினேன்.

முதல் வருடம் முழுவதும் கடையில் வாங்கிய பாண் ரொட்டியும் ரின்னில் அடைத்த ரின்மீனும்தான். அதை அப்படியே கடிதத்தில் எழுதினேன். மனைவியிடமிருந்து நாலு பக்கத்தில் பதில் வந்தது. மூன்று பக்கம் என் வயிற்றைப் பற்றியே இருந்தது.

இரண்டாம் வருடம் என் அறைக்கு மேல்மாடியில் ஒரு பஸ் சாரதி குடிவந்தார். கிரியோல்காரர். மனைவி பிரிந்து போய்த் தனியாக இருந்தவர். மத்தியானங்களில் அவருடைய யன்னலிலிருந்து இறங்கிய வாசனை என்னை வாசலுக்கு இழுத்தது. மூக்கால் சாப்பிட்டு வயிறு நிறையாது, மேலே வா என்று ஒருநாள் கூப்பிட்டார். அவருடைய சட்டியில் பன்றியும் வெந்திருக்கும் என்று தயங்கினேன். அடுத்த நாளே புதுச் சட்டி ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். அவர் கோபிக்கவில்லை. சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்து, கனமான அடி, தீயாது என்றார்.

அவர் காட்டித் தந்தது அந்தத் தீவுக்காரர்களின் இறால் கறி. இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் வருகிற அளவு இறால். தலையையும் மேல் ஓட்டுக் கோதையும் எறிந்துவிடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து வைக்க வேண்டும். ஒரு வெங்காயம், ஒரு கறிமிளகாய், ஒரு செலரித் தண்டு, மூன்றையும் ஒரே அளவாகச் சின்னதாக வெட்டி எண்ணெயில் வாடவிட வேண்டும். பிறகு இரண்டு பல் உள்ளிப்பூண்டு, கனிந்த தக்காளி இரண்டு, காரத்துக்கு ஒரு கொச்சிக்காய், தைம் என்கிற வாசனை இலை. தக்காளி கரைந்து எண்ணெய் மிதக்கும்போது இறால் தண்ணீரை ஊற்றி வற்றவிட வேண்டும். இறால் கடைசியில்தான் சட்டிக்குள் போகும். சுருண்டு சிவந்தவுடன் இறக்கிவிட வேண்டும். தேங்காய்ப்பால் இல்லை, தூள் இல்லை. வெள்ளைச் சோற்றின் மேல் ஊற்றிச் சாப்பிடுவது. எல்லாம் ஓராள் அளவு. அவரும் தனியாள், நானும் தனியாள்.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து அதைச் சமைத்துச் சாப்பிட்டேன். மற்ற நாட்களிலும் பாதி நாள் அதுதான். கடிதத்தில் மட்டும் பாணும் ரின்மீனும் தொடர்ந்தன.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நான் அடுப்படியில் நிற்கிறேன் என்று ஊரில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று பயந்தேன்; அது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. அவள் எனக்காகக் கவலைப்படுவது எனக்குப் பிடித்திருந்தது. வயிறு நிறைந்து, ஏப்பம் விட்டு, பேனாவை எடுத்து, 'இன்றைக்கும் பாண்தான்' என்று எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்த கிழமை வீட்டில் பெரிய சாப்பாடு. நானும் மனைவியும் பிள்ளைகளும் ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்தோம். பொரித்த இறாலை மனைவி எடுத்து வாயில் வைத்ததும் பக்கத்தில் நின்ற மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மனே, இவள் றால் தொட்டு ஆறு வருஷம். நீங்க அங்க பாணத் திண்டுக்கிட்டு இரிக்கிறீங்க எண்டு தொடவே இல்ல. புள்ளைகளுக்கு ஆக்கிக் குடுப்பா, தான் தின்னமாட்டா."

"உம்மா, சும்மா இரிங்க" என்றாள் மனைவி.

அந்த நேரம் என் வாயிலிருந்த இறால் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். இறங்கியது. இன்னொன்றும் எடுத்துச் சாப்பிட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு ஹஜ்ஜுக்குப் போனேன். போகுமுன் சொந்தக்காரர், அயலவர் எல்லோரிடமும் போய், செய்த பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். அவளிடமும் கேட்டேன். "தெரிஞ்சும் தெரியாமலும் செய்த எல்லாத்தையும் பொறுத்துக்கோ புள்ள." அவள் அழுதுகொண்டு, பொறுத்தேன் என்றாள். அந்த 'எல்லாம்' என்ற சொல்லுக்குள் இறாலையும் நுழைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியும். கணக்குப் படிப்பித்தவனுக்கு, செய்கையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதுவது என்ன குற்றம் என்பதும் தெரியும்.

அண்மையில் அவளுக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். குனியக்கூடாது, புகைக்கு முகம் காட்டக்கூடாது. கறுப்புக் கண்ணாடியோடு இருந்தாள். முன்வீட்டில் இருக்கும் மகள்தான் சாப்பாடு அனுப்பினாள். எதையும் சாப்பிடலாம் என்று டொக்டர் சொல்லியும் மகள் கேட்கவில்லை. இறால் கிரந்தி, புண் ஆறாது என்பது அவளுடைய கட்சி. இரண்டு கிழமையாக சூப்பும் இடியப்பமும் வந்துகொண்டிருந்தன.

ஒருநாள் காலையில் மகள் அக்கரைப்பற்றில் ஒரு மரண வீட்டுக்குப் போனாள். அவளுடைய வேன் தெருமுனை தாண்டும் வரைக்கும் மனைவி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போயிட்டாளா?"

"ஓம்."

"அப்ப றால் வாங்குங்க. வாயெல்லாம் செத்துப் போச்சு. அவள் வாறதுக்குள்ள திண்டு, சட்டியையும் கழுவி வச்சிருவம்."

"ஆர் ஆக்குற?"

"நீங்கதான். நான் கதிரையில இரிந்து சொல்லித் தாறன். கைய வெட்டிக்காம இரிந்தாச் சரி."

மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டியோடு வந்தார். என்னிடம் படித்தவர், என் மனைவியை ராத்தா, அக்கா, என்று கூப்பிடுபவர்.

"சேர், றாலா? ராத்தாக்குக் கண் வெட்டினதெல்லா? மறுகா உங்கட மகள் எனக்கிட்டச் சண்டைக்கு வருவா."

"அவளுக்கு நீ சொல்லாத, நானும் சொல்லல்ல."

"எவ்வளவு போட? அரைக் கிலோ?"

"ரெண்டு கை."

"ரெண்டு கையா? பின்ன இந்தத் தராச நான் என்னத்துக்குச் சுமந்து திரியிறன்?"

சிரித்துக்கொண்டே என் கைகளை நீட்டச் சொல்லி, பைக்குள் அள்ளிப் போட வைத்தார்.

குசினிக்குள் நின்று யோசித்தேன். நடித்துவிடலாம். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல, கொஞ்சம் பிழையாகவும் கொஞ்சம் சரியாகவும் செய்தால் இந்த நாளும் போய்விடும். அவள் புகை படாமல் குசினிக்கு வெளியே, சுவரோடு சாய்ந்து கதிரையில் இருந்தாள். எனக்கு அவளுடைய காலும் சேலை விளிம்பும்தான் தெரிந்தன.

"முதல்ல றாலக் கழுவுங்க. தலையப் பிடிச்சுத் திருவினா வந்திரும். நடு நரம்ப எடுக்கணும். மெதுவா, மெதுவா."

நான் மெதுவாகத்தான் தொடங்கினேன். ஆனால் முப்பது வருடம் கழித்தும் விரல்கள் மறக்கவில்லை. மூன்றாவது இறாலுக்குள் அவை தங்கள் பாட்டில் போகத் தொடங்கின. வெங்காயத்தைப் பலகையில் வைத்துக் கத்தியை எடுத்தேன். பலகையில் கத்தி சீராக, விடாமல் தட்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது.

கத்தியை நிறுத்தவில்லை. இனி நிறுத்தியும் பயனில்லை.

செலரி, மகளின் சூப்புக்கு வாங்கியது, குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது. தைமுக்கு எங்கே போவது? முற்றத்துச் சாடியில் நிற்கும் கற்பூரவள்ளியில் இரண்டு இலை கிள்ளிப் போட்டேன். அதில் அந்த வாசனை கொஞ்சம் உண்டு. இறால் சிவந்ததும் இறக்கினேன்.

ஒரு பீங்கானில் சோறு போட்டு, மேலே ஊற்றி, அவளுடைய மடியில் துவாயை விரித்துக் கொடுத்தேன். முதல் வாய் சாப்பிட்டாள்.

"இருமலுக்குக் குடுக்கிற எலையப் போட்டிரிக்கீங்க."

"ஓம்."

"நல்லாத்தான் இரிக்கி."

இரண்டாவது வாய்க்குக் கையைக் கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"உங்களுக்கெங்க?"

"இல்ல. ஓராளுக்குத்தான் எனக்கு அளவு தெரியும்."

அவள் தலையை என் பக்கம் திருப்பினாள். கறுப்புக் கண்ணாடிக்குள் கண் தெரியவில்லை.

"தீவிலயா பழகின?"

"ஓம். ரெண்டாம் வருஷம்."

"அப்ப பாணும் ரின்மீனும்?"

"முதல் வருஷம் உண்மை. மத்த அஞ்சு வருஷமும் பொய்."

அவள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவசரமில்லாமல், பீங்கானின் ஓரத்தையும் விரலால் வழித்து முடித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். கை கழுவத் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன்.

"நான் றால விட்டது உங்கட பாணுக்காக எண்டா நினைச்சிக்கிட்டு இரிந்தீங்க?" என்றாள். "நீங்க சுகமா வந்து சேரணும் எண்டு அல்லாஹ்ட்டக் கேட்டு, எனக்கு ஆசையான ஒண்ட விட்ட நான். நீங்க வந்தீங்க. அது எனக்கும் அவனுக்கும் உள்ள கதை. அதுக்குள்ள நீங்க வர வேணா."

முப்பது வருடம் சுமந்த ஒன்றை யாரோ சர்வசாதாரணமாக வாங்கிக் கீழே வைத்தது போல இருந்தது.

"அப்ப உனக்குக் கோபமில்லையா புள்ள?"

"கோபமில்லையா?" அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நீங்க வந்த பிறகு சின்ன மகன் பொறந்தான். பெத்து நாப்பது நாள் முடியல்ல, உம்மாக்கும் சுகமில்ல, நான் காய்ச்சலோட கிடந்த. நீங்க என்ன செஞ்சீங்க? கடையில பாணும் பருப்பும் வாங்கிட்டு வந்து தலமாட்டில வச்சீங்க. 'எனக்கு வேற என்ன தெரியும்' எண்டு கேட்டீங்க. நான் அந்தக் காய்ச்சலுக்குள்ளயும் உங்களப் பாத்துப் பாவப்பட்டன். வல்லாஹி, பாவப்பட்டன்."

எனக்கு அது நினைவிலேயே இருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான், பருப்பைக் கட்டியிருந்த பொலித்தீன் பையின் முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்தது ஞாபகம் வந்தது. பிழை என்று நான் இத்தனை காலமும் நினைத்து வருந்தியது ஒன்று. அவளுக்கு நோவு தந்தது வேறொன்று. அது என் பட்டியலிலேயே இருக்கவில்லை.

"பொறுத்துக்கோ" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"ஹஜ்ஜுக்குப் போகக்குள்ளயும் இப்பிடித்தான் மொத்தமாக் கேட்டீங்க. இதயும் அதுக்குள்ள சுத்தித்தானே தந்த? நல்ல மனிசன்! ஒவ்வொண்டாச் சொல்லிக் கேளுங்க."

பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடிதங்களைச் சொன்னேன். மாமி சொல்லியும் வாய் திறக்காததைச் சொன்னேன். காய்ச்சலையும் பாணையும் சொன்னேன். அவளுடைய வாப்பா இறந்த கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருக்க, அவள் அழுதுகொண்டே எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்ததைச் சொன்னேன். தொடங்கினால் நிறைய இருந்தன. நடுவில் அவளுடைய கண்ணுக்கு மருந்து விடும் நேரம் வந்தது. தலையைச் சாய்த்துக் கொடுத்தாள், மருந்தை விட்டேன். பிறகு மிச்சத்தைச் சொன்னேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாள். படுக்கப் போய்விட்டாள்.

நான் சட்டியில் ஒட்டியிருந்ததைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டேன்.

மாலை அஸர்த் தொழுகைக்குப் பிறகு மகள் வந்தாள். வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள். "உம்மா! றாலா?"

"ஓம். வாப்பா ஆக்கின."

"வாப்பாவா!" மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கிரந்தியைக்கூட மறந்துவிட்டாள்.

"என்னகா சிரிக்கா? உன்ட சூப்ப விட நல்லம்" என்றாள் மனைவி. "நாளையில இரிந்து பகல் சாப்பாடு அனுப்பாத. இஞ்ச ஆள் இரிக்கி."

இது நடந்து ஒன்றரை மாதமாகிறது. கண் ஆறி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். ஆனாலும் பகல் சமையல் என்னிடம்தான். இரண்டு பேருக்கு அளவு இன்னும் சரியாக வரவில்லை. ஒன்று மிஞ்சும், அல்லது போதாது. அவள் பிளாஸ்டிக் கதிரையைக் குசினிக்குள்ளேயே போட்டுக்கொண்டு பிழை பிடிக்கிறாள். புதுக் கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது.

நான் பொறுக்கக் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்றுப் பருப்பை இறக்கும்போது நானாகவே கேட்டேன்.

"இன்னும் யோசிச்சு முடியல்லையா?"

"உப்புப் போட்டீங்களா?" என்றாள்.

போட்டிருக்கவில்லை.