லாபம் என்றால் ஒன்று

களத்தில் நெல் அளப்பவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலைக் கொட்டும்போது ‘லாபம்’ என்பார்கள், அடுத்ததுதான் ‘ரெண்டு’. நாச்சியாபுரம் பக்கம் பால்குடிப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தெரியாத மாதிரி நடிக்கக்கூடிய ஒரே மனிதரிடம் போய் நாங்கள் கடன் வாங்கியிருந்தோம்.

மழை பொய்த்த வருஷம் அது. விதைக்கும் சாப்பாட்டுக்குமாக என் வீட்டுக்காரர் ஊர்ப் பண்ணைக்காரரிடம் நெல் கடன் வாங்கினார். ஈடாக எழுதிக் கொடுத்தது எங்கள் கிணற்றுப் பங்கை. அந்தக் கிணறு நாலு குடும்பத்துக்குப் பொது. முறை வைத்து, மாடு கட்டிக் கமலை இறைப்போம். அடுத்த அறுவடையில் நெல் திரும்பாவிட்டால் எங்கள் முறையில் பண்ணைக்காரரின் மாடுகள் இறைக்கும். பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான்.

அறுவடையானதும் வட்டியோடு அவர் களத்திலேயே அளந்து கொடுத்தோம். அளந்ததும் அவருடைய ஆள்தான். பத்து முடிந்ததும் மறுபடி ‘லாபம்’ என்று தொடங்கி, மரக்கால் மரக்காலாகக் கொட்டினான். பத்திரத்தைக் கேட்டால், பெட்டிச் சாவி மகனிடம் இருக்கிறது, நாளைக்கு வா என்றார். மறுநாள் போனபோது கணக்கே மாறியிருந்தது.

“பத்துக்கு ஒரு மரக்கா குறையுதே. லாபம்னு அளந்தது களத்துக்காரனுக்குச் சேந்தது. ரெண்டுல இருந்துதான் உன் கடனுக்கு.”

“அது ஒண்ணுக்குச் சொல்ற பேருங்கய்யா” என்றார் என் வீட்டுக்காரர்.

“அப்ப ஒண்ணுன்னே சொல்லியிருக்கணும்.”

எங்கள் அடுத்த முறை நாளன்று விடியும்போதே அவர் மாடுகள் எங்கள் கமலையில் நின்றன. மிளகாய்த் தோட்டம் பூத்து நின்ற நேரம். எங்கள் வருஷச் சாப்பாடே அந்த மிளகாய்தான்.

தேவகோட்டைக்குப் போய் வக்கீலைப் பார்த்தோம். “கடன் தீந்துச்சா இல்லையான்னு கோர்ட்டு விசாரிக்கும். அதுவரைக்கும் பத்திரம் அவுக கையில. தண்ணியும் அவுகளுக்குத்தான்” என்றார். தடை கேட்டு மனுப் போட்டார், அதற்கும் வாய்தா. கடன் இருக்கிறதா என்பதுதானே வழக்கு? அது தெரிவதற்கு முன்பே கடன்காரனுக்கு உண்டான தண்டனையை மட்டும் எப்படி அனுபவிக்கச் சொல்கிறார்கள்? செடி வாய்தா கேட்குமா?

கண்மாய்க் குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போனதுதான் மிச்சம். முதலில் பூ கொட்டியது, அப்புறம் இலை.

ஒரு நாள் பண்ணைக்காரர் களத்தில் பெண்களுக்குக் கூலி நெல்லைப் படியால் அளந்துகொண்டிருந்தார்கள். “லாபம், ரெண்டு, மூணு” என்ற குரல் காதில் விழுந்ததும் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேரே பண்ணைக்காரர் முன்னால் போய் நின்றேன்.

“ஐயா, இவளுக்கு அளந்தது ரெண்டு படியா, மூணு படியா?”

“மூணு” என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் முகம் மாறியது. “அது கூலி, இது கடன். பேச வேண்டியதைக் கோர்ட்டுல பேசு.”

பேசினோம். கூலி வாங்கிய இரண்டு பெண்கள் ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்து சாட்சி சொன்னார்கள். கடன் தீர்ந்தது, கிணற்றுப் பங்கு எங்களுக்கே என்று அடுத்த வருஷம் தீர்ப்பு வந்தது.

“செயிச்சுட்டீக” என்றார் வக்கீல்.

“கருகிப்போன தோட்டத்துக்கு என்னங்கய்யா?”

“அதுக்குத் தனியா வழக்குப் போடணும்.”

அதற்குள் சாப்பாட்டுக்கும் கோர்ட்டுச் செலவுக்குமாக எங்கள் மாட்டுச் சோடியை விற்றிருந்தோம். எங்கள் முறை நாள் வந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, இறைக்க மாடு இல்லை. அடுத்த முறையும் அப்படியே போயிற்று. பண்ணைக்காரர் ஆள் அனுப்பினார்.

“முறை சும்மாத்தானே போகுது. குத்தகைக்கு விடுறீகளான்னு கேட்டு வரச் சொன்னாக.”

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அடுப்பு இரண்டு நாளாகப் பற்றவில்லை. கொடுத்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.